ஞாயிற்றுக்கிழமை மட்டும் அணைகிற இன்வெர்ட்டர்

2024 ஏப்ரல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மணி பன்னிரண்டரை இருக்கும். அடுப்பில் வஞ்சிரம் பொரிந்துகொண்டிருந்தது. திடீரென்று ஃபேன் நின்றுபோனது. கரண்ட் போய்விட்டதாக்கும் என்று எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டில் டிவி ஓடுகிறது. கீழே மாடிப்படிக்கு அடியில் எங்கள் சோலார் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்திக்கொண்டு, சிவப்பு விளக்கை எரியவிட்டு நிற்கிறது. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து லித்தியம் பேட்டரி மாட்டி ஒன்பதாவது நாள் அது.

அணைத்துவிட்டுப் போட்டேன், வந்தது. வாரம் முழுக்க ஒழுங்காக ஓடியது. அடுத்த ஞாயிறு அதே பன்னிரண்டரைக்கு மறுபடியும் கீ கீ. "ஞாயித்துக்கிழமை மீன் வாங்கினா அதுக்குப் பிடிக்கல போல" என்றார் வீட்டுக்காரர். மூன்றாவது ஞாயிறும் அப்படியே ஆனதும் அவருக்கே சிரிப்பு வரவில்லை.

பழைய சோலாரைப் புதுப்பிக்கப் போகிறேன் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த பேட்டரி வாங்கலாம்க்கா?" நானும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கினேன். அதைக் கடைசியாகக் கேட்டிருந்தால் ஐம்பதாயிரமாவது மிஞ்சியிருக்கும்.

எங்கள் வீடு வடசென்னை திருவொற்றியூரில், காலடிப்பேட்டையில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். தரைத்தளத்தில் என் தையல் கடை, மாடியில் குடும்பம். மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே உப்புக்காற்று, வடக்கே எண்ணூர்ப் பக்கத்துப் புகை, மேற்கே மணலி. பெரிய ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓய்வதே இல்லை. காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணியைச் சாயங்காலம் எடுத்தால் உதறித்தான் மடிக்க வேண்டும். அந்தத் தூள் பேனல் மேலும்தான் விழுகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை.

சோலார் போட்டது 2013இல். அப்போது சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். வெளியூரில் இருந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அங்கே பாதி நாள் இருக்காது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் சீசனில் இரண்டு மணி நேரம் மெஷின் நின்றால் அன்றைய கூலி போச்சு. மாமா, அதாவது என் மாமனார், தன் பி.எஃப். பணத்தில் போட்டுக்கொடுத்தார். 250 வாட் பேனல் நான்கு, 24 வோல்ட் இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றுகிற ஈய பேட்டரி, இரண்டு. பேனலின் கால்களைக் கான்கிரீட் கட்டையில் புதைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று மேஸ்திரியோடு சண்டை போட்டார். 2016 வர்தா புயலில் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் பறந்து எங்கள் மாடியில் விழுந்தது. பேனல் அசையவில்லை.

பேட்டரிதான் தங்கவில்லை. 2017இல் ஒரு ஜோடி மாற்றினோம், 2021இல் இன்னொரு ஜோடி. மாதம் தவறாமல் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியும் மூன்றரை, நான்கு வருஷத்தில் படுத்துவிடும். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் "லைஃப் அவ்ளோதான்மா" என்பார். நாங்களும் தலையாட்டிவிட்டு வாங்கி வருவோம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில்தான் குட்டு உடைந்தது. கடைக்குள் முழங்கால் தண்ணீர். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒவ்வொன்றும் அறுபது கிலோவுக்குக் குறையாத அந்தப் பேட்டரிகளைத் தெருப் பையன்கள்தான் மாடிப்படியில் ஏற்றிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு மூன்றாம் நாள்தான் கரண்ட் வந்தது. இரண்டாம் நாளே தண்ணீர் வடிந்து, வெயிலும் அடித்தது. பேனல் மேலே சும்மா நிற்கிறதே என்று எல்லாவற்றையும் மறுபடி மாட்டினோம். ஒரு லைட், இரண்டு போன், அத்தைக்கு நெபுலைசர். நாற்பது நிமிஷம். அதற்குமேல் ஓடவில்லை. இரண்டு வருஷம் வயசான பேட்டரி!

அந்த ஆத்திரத்தில் வாங்கியதுதான் லித்தியம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 25.6 வோல்ட், 100 ஏ.ஹெச். தண்ணீர் ஊற்ற வேண்டாம், கனம் கால்வாசிக்கும் குறைவு, நாலாயிரம் சுற்று (நிறைந்து காலியாவது ஒரு சுற்று) வரும் என்றார்கள். எதுவும் பொய்யில்லை. "பழைய இன்வெர்ட்டர்லயே மாட்டிக்கலாம், அப்படியே செட் ஆயிடும்" என்றார் விற்றவர். அது பொய்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் இருக்கிறார். நான்காவது ஞாயிறு பதினோரு மணிக்கே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பேட்டரி முனையில் மல்டிமீட்டரை வைத்துவிட்டு ஒரு டீ குடித்தார். 27.4. கொஞ்ச நேரத்தில் 28.1. பிறகு விறுவிறுவென்று 28.8. அங்கேயே நின்றது. பன்னிரண்டரை நெருங்கும்போது 29 தாண்டியது, பேட்டரிக்குள் ஏதோ அணைந்தது, இன்வெர்ட்டர் பக்கம் மீட்டர் ஒரே தாவலாக 33 காட்டியது. கீ கீ.

"யக்கா, இது பேட்டரி மேல தப்பு இல்ல. உன் பழைய மெஷினு அதுக்கு ஓவரா ஊட்டுது. அது வாய மூடிக்கிச்சு."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். இந்த லித்தியம் பெட்டிக்குள் எட்டு செல் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் 3.65 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. எட்டில் ஒன்று அந்தக் கோட்டைத் தொட்டாலும் உள்ளேயிருக்கிற காவல்காரன், பி.எம்.எஸ். என்கிற சர்க்யூட், சார்ஜை வெட்டிவிடும். பழைய இன்வெர்ட்டருக்குத் தெரிந்ததெல்லாம் டியூபுலர்தான். டியூபுலரை 28.8 வரை ஏற்றி, அவ்வப்போது எல்லா செல்லையும் சமப்படுத்த அதற்கும் மேலே தள்ள வேண்டும். அந்த வைத்தியத்தைத்தான் லித்தியத்துக்கும் செய்தது. பி.எம்.எஸ். கதவைச் சாத்தியதும் பேனலில் இருந்து வருகிற கரண்டுக்குப் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறும். இன்வெர்ட்டர் பயந்து அணைந்துவிடும்.

அது ஏன் ஞாயிறு மட்டும்? ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. திங்கள் முதல் சனி வரை மெஷின்கள் வருகிற கரண்டைத் தின்றுகொண்டே இருப்பதால் மதியத்துக்குள் பேட்டரி நிறைவதே இல்லை. ஞாயிறு இரண்டு ஃபேன்தான். பன்னிரண்டரைக்கு நிறைந்துவிடும்.

அந்த இன்வெர்ட்டரில் வோல்டேஜ் எண்ணை மாற்ற வழி கிடையாது. பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச், டியூபுலர் அல்லது எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஈய பேட்டரி). தம்பி அதை எஸ்.எம்.எஃப். பக்கம் தள்ளினார். அதில் சமப்படுத்துகிற வேலை இல்லை, உச்ச வோல்டேஜும் கொஞ்சம் குறைவு. அடுத்த ஞாயிறு ஃபேன் நிற்கவில்லை. உடனே புது இன்வெர்ட்டர் வாங்க முடியாதவர்களுக்கு இது ஒட்டுப்போட்ட தீர்வாக உதவும். ஆனால் ஒட்டுதான். முன்பக்கத்து ஐந்து கட்ட டிஸ்ப்ளே அதற்குப் பிறகும் பொய்தான் சொன்னது. லித்தியத்தில் முக்கால்வாசி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றே. நான்கு கட்டம் இருக்கிறதே என்று பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமாக இருண்டுபோகும்.

அன்று தம்பி போகிறபோது ஒரு கேள்வி கேட்டார். "டியூபுலர் ரெண்டு செட்டு பூட்ச்சின்ற. அத இந்த மெஷினு ஒழுங்காத்தான ஊட்டியிருக்கணும்? அப்ப அது ஏன் செத்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் இருவரும் மாடிக்கு ஏறினோம்.

முதலில் கழுவினோம். விடியற்காலை ஆறு மணிக்கு. வெயில் ஏறிச் சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றக்கூடாது, விரிசல் விடும். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். அதனால் மெட்ரோ வாட்டர் இரண்டு குடம், பழைய காட்டன் துணி. கீழ் ஓரத்தில் கறுப்பாகக் கரி அப்பியிருந்தது, விரலால் கோடு போடலாம். சோப்பு போடவில்லை.

மதியம் அளந்தோம். நான்கு பேனலில் இருந்தும் தனித்தனி வயர் ஒரு டப்பாவுக்கு வந்து அங்கே ஒன்றாகச் சேருகிறது. தம்பி டி.சி. கிளாம்ப் மீட்டர், அதாவது வயரைக் கவ்விப் பிடித்துப் பேனலின் டி.சி. கரண்டை அளக்கிற மீட்டர், கொண்டுவந்திருந்தார். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏ.சி. மட்டும்தான் காட்டும், கேட்டுப் பார்த்துக் கூப்பிடுங்கள். முதல் மூன்று பேனலிலும் கரண்ட் ஓடியது. நான்காவதில் சைபர். சரி, பேனல் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் அதைக் கழற்றி, தனியாக ஷார்ட் செய்து அளந்தார்: 7.6 ஆம்பியர். மற்ற மூன்றுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. எனக்குத் தலை சுற்றியது. பிறகு ஒன்றோடும் இணைக்காமல் வோல்டேஜ் பார்த்தார். மற்ற மூன்றும் 33க்கு மேல். இது 22.

அவர் முகம் மலர்ந்தது. ஒரு பேனலில் அறுபது செல் இருந்தால் அது இருபது இருபதாக மூன்று பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் பேனலுக்குப் பின்னால் இருக்கிற டப்பாவில் ஒரு டயோடு, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற கதவு. அதில் ஒன்று ஷார்ட் ஆனால் இருபது செல் கணக்கிலேயே வராது, வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். 33இல் மூன்றில் ஒன்று போனால் 22. பேட்டரி 26இல் இருக்கும்போது 22 வோல்ட் பேனல் அதற்குள் எதைத் தள்ளும்? சொட்டுக்கூட ஏறாது. மேலே டப்பாவில் கரண்ட் பின்னோக்கிப் போகாமல் தடுக்கிற டயோடு போட்டிருந்ததால் மற்ற மூன்றின் கரண்டையும் இது குடிக்காமல் விட்டது.

பேனலுக்குப் பின்னால் இருக்கிற டப்பாவைத் திறந்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. வயர் நுழைகிற இடத்து ரப்பர் கிளாண்ட் வெடித்து உப்புக்காற்று உள்ளே குடியேறியிருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது டயோடு வாங்கிப் பற்றவைத்து, களிம்பைச் சுரண்டி, கிளாண்டை மாற்றி மூடினார். பாகத்துக்கு ஆன செலவு நூறு ரூபாயைத் தொடவில்லை. கால் கிலோவாட் திரும்பி வந்தது. பசை ஊற்றி மூடிய டப்பாவாக இருந்தால் இப்படித் திறக்க முடியாது, எங்களுடையது மூடி போட்டது, எங்கள் அதிர்ஷ்டம்.

ஆம்பியர் மட்டும் பார்த்துவிட்டு "பேனல் ஓகே" என்று இறங்குகிறவர்களும், வோல்டேஜ் மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. ஓடும்போது கரண்ட், தனியாக ஷார்ட் கரண்ட், தனியாக வோல்டேஜ், இந்த மூன்றையும் ஒவ்வொரு பேனலுக்கும் எழுதி வையுங்கள். டெய்லர் அளவு நோட்டில்தான் நான் எழுதி வைத்திருக்கிறேன், இடுப்பு 32க்குப் பக்கத்தில் பேனல் 33.4.

டியூபுலர் செத்த கதையும் அங்கேயே கிடைத்தது. பேனலின் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஆறு பத்து அறுபது என்றால் ஒரு ஜாதி, ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு என்றால் இன்னொரு ஜாதி. பழைய வகை 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு எழுபத்திரண்டுதான் பொருத்தம். எங்களுக்குப் போட்டிருந்தது அறுபது. பேனலின் முதுகில் ஒட்டியிருக்கிற தாளில் 30 வோல்ட் என்றுதான் இருக்கும், அது 25 டிகிரியில் அளந்தது. திருவொற்றியூர் வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போகும். சூடு ஏற ஏற வோல்டேஜ் இறங்கி நன்றாக வேலை செய்கிற இடம் 25க்கு வந்துவிடும். அதற்குமேல் கேட்டால் கரண்ட் சுருங்கும். மாடியிலிருந்து கீழே வருகிற வயர் ஆறு ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), போக வர முப்பது மீட்டர். 25 ஆம்பியர் ஓடினால் அதிலேயே இரண்டரை வோல்ட் சூடாகப் போகும். பழைய இன்வெர்ட்டரில் இருந்தது பி.டபிள்யூ.எம். சார்ஜர்; அது பேனலைப் பேட்டரியோடு நேராகக் கோர்த்துவிடுமே தவிர வோல்டேஜை மாற்றிக் கொடுக்காது. டியூபுலர் நிறைய 28.8 வேண்டும். கடை ஓடுகிற நாளில் அந்த உயரத்துக்கு அது ஏறியதே இல்லை. கரண்ட் பில் குறையட்டும் என்று ஈபியிலிருந்து சார்ஜ் ஏறுவதை நாங்களே வேறு நிறுத்தி வைத்திருந்தோம்.

ஈய பேட்டரியை அரைவயிற்றோடு வைத்தால் தட்டில் வெள்ளை உப்பு கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் தெரியும். நிறைந்த பேட்டரி 1.240 பக்கம் காட்ட வேண்டும். கழற்றி வைத்திருந்த எங்கள் ஜோடியில் பன்னிரண்டு செல்லில் ஒன்றுகூட 1.200 தொடவில்லை. நூற்றைம்பது ரூபாய்க் கண்ணாடிக் குழாய் அது. 2014லேயே வாங்கிப் பார்த்திருந்தால் முதல் ஜோடியைக் காப்பாற்றியிருக்கலாம்.

இன்வெர்ட்டர் வாங்குவது தனிக் கூத்து. வேண்டியது எம்.பி.பி.டி. என்பது தெரிந்துவிட்டது: பேனலை அதற்குப் பிடித்த வோல்டேஜில் ஓடவிட்டு, மிஞ்சுகிற வோல்டேஜைக் கரண்டாக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுப்பது. முதல் கடையில் காட்டிய மாடல் பளபளவென்று இருந்தது, விலையும் தோது. பேனல் பக்கம் 120 வோல்ட்டிலிருந்து 450 வரை என்று எழுதியிருந்தது. "நாலையும் சீரிஸ்ல போடுங்க, நாலு முப்பது நூத்தியிருபது, கரெக்டா வரும்" என்றார் கடைக்காரர். 25 டிகிரியில் கரெக்ட். மே மாத மதியத்தில் நாலு இருபத்தைந்து நூறுதான். வெயில் நன்றாக அடிக்கிற நேரம் பார்த்துத் தூங்குகிற இன்வெர்ட்டர் எனக்கு எதற்கு? இரண்டாவது கடையில் இருந்ததில் உச்சம் 145 வோல்ட். நான்கையும் வரிசையாகப் போட்டால் மார்கழிக் காலையில் லோடு இல்லாதபோது பேனல் ஒன்று முப்பத்தேழரைக்கு ஏறி, மொத்தம் 150 தொட்டு அது எரிந்துவிடும். இரண்டிரண்டாகச் சீரிஸ், அப்படி இரண்டு ஜோடி பேரலல் என்றால் 75. மேலேயும் இடிக்காது கீழேயும் இடிக்காது. இருபத்துநாலாயிரத்துக்கு அதை வாங்கினேன். கரண்ட் பாதியானதால் அதே பழைய வயரில் நஷ்டம் கால்வாசியாகிவிட்டது, புது வயருக்குத் தண்டம் அழவேண்டியதில்லை.

செட்டிங்கை நானே உட்கார்ந்து போட்டேன், தம்பி பக்கத்தில் நின்றார். உச்சம் 28.2, நிறைந்த பிறகு தாங்குவது 27.0, கீழே வெட்டுவது 24.5, சமப்படுத்துவது ஆஃப். பேட்டரியோடு வந்த தாளிலும் இதையொட்டியே இருந்தது. உங்களுடையதில் வேறு எண் இருந்தால் அதையே போடுங்கள். பேட்டரி முனைக்கு ஒரு ஜாண் தூரத்தில் டி.சி. ஃப்யூஸ் ஒன்று. டியூபுலரில் ஸ்பானர் தவறி விழுந்தாலே தீப்பொறி பறக்கும், லித்தியம் அதைவிட ஆவேசமாகக் கொட்டும். மாடி டப்பாவில் இத்தனை வருஷம் இருந்தது வீட்டுச் சுவிட்ச்போர்டில் போடுகிற சாதா எம்.சி.பி., கரண்ட் அதிகமானால் தானே வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச். தம்பி அதைத் திறந்து காட்டினார், உள்ளே கரிந்து உருகியிருந்தது. ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு தடவை சைபரைத் தொட்டுப் போவதால் தீப்பொறி தானே அணையும். டி.சி. அப்படித் தொடாது, பிடித்த பொறி நின்று எரியும். டி.சி. என்று எழுதிய எம்.சி.பி.தான் வேண்டும்.

பேனலை மாற்றவில்லை. ரொம்பப் பேர் இதற்கு என்னைத் திட்டினார்கள். பதினோரு வருஷ பேனல், இப்போது ஒரே பேனல் 540 வாட்டில் வருகிறதே என்று. கழுவி அளந்ததில் நான்கும் முதலில் இருந்ததில் எண்பத்தைந்து சதவீதத்துக்குக் குறையவில்லை. அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை, கணக்கும் வரவில்லை. ஒன்றிரண்டு புதுசைக் கூடச் சேர்க்கலாமே என்றால், பழசோடு சீரிஸில் போட்டால் புதுசின் பதின்மூன்று ஆம்பியர் பழசின் எட்டுக்கு இறங்கிவிடும். பேரலலில் போட்டால் வோல்டேஜ் பொருந்தாது. புதுசுக்குத் தனி சார்ஜர் வைத்துத்தான் அதே பேட்டரிக்கு விடவேண்டும். இடம் இருக்கிறது, காசு வரட்டும்.

ஆனால் ஸ்டாண்டை விடவில்லை. மாமா புதைத்த கான்கிரீட் கட்டை கல் மாதிரி இருந்தது. கட்டையிலிருந்து ஆங்கிள் வெளியே வருகிற அந்த ஒரு விரல் இடத்தில் மட்டும் துரு ஏடு ஏடாக உரிந்தது. தம்பி ஸ்க்ரூடிரைவரால் குத்தினார், உள்ளே போய்விட்டது. இன்னொரு வர்தா வந்திருந்தால் பேனல் எதிர்வீட்டு மாடியில் கிடந்திருக்கும். கடலோரத்தில் சாதா ஆங்கிளுக்கு ரெட் ஆக்சைடு அடிப்பதெல்லாம் இரண்டு மழைக்குத்தான். துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஹாட் டிப் ஜி.ஐ. கால்கள், 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டோம். பேனல் வயர்களைச் சேர்க்கிற எம்.சி.4 கனெக்டரில் ஆண் ஒரு கம்பெனி, பெண் ஒரு கம்பெனி. ஒரு ஜோடி பழுப்பேறி இளகியிருந்தது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு ஒரே கம்பெனியாக, கட்டிங்பிளேயரால் நசுக்காமல் அதற்குரிய கிரிம்பிங் டூலால் போட்டோம்.

இந்த மொத்தச் செலவிலும் எனக்கு மிகத் திருப்தி கொடுத்தது சோலாரே இல்லை, தையல் மெஷின் மோட்டார். பவர் மெஷினில் இருப்பது கிளட்ச் மோட்டார். காலையில் ஸ்விட்ச் போட்டால் இரவு வரை ஹும்மென்று சுற்றிக்கொண்டே இருக்கும், மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும். வாட் மீட்டரில் செருகிப் பார்த்தேன்: நான் காஜா எடுக்கப் போய்விட்ட நேரத்தில், யாரும் தொடாமல், ஒரு மெஷின் 190 வாட். இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், ஆக மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம் வாட் சும்மா ஓடுகிறது. சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் இழுக்கும், சும்மா இருக்கும்போது ஐந்து வாட். மூன்றுக்கும் மாற்றினேன். கடையில் இருந்த மூன்று ஃபேனையும் எழுபத்தைந்து வாட்டிலிருந்து முப்பது வாட் பி.எல்.டி.சி.க்கு மாற்றியாயிற்று. இதை 2013இலேயே செய்திருந்தால் பாதிப் பேட்டரி போதும். அயர்ன் பாக்ஸ் மட்டும் ஈபியில், அதை எந்தக் காலத்திலும் பேட்டரியில் போடாதீர்கள்.

தினம் ஒன்றே முக்கால் யூனிட் வந்துகொண்டிருந்த அதே பேனலில் இப்போது வெயில் நாளில் மூன்றரை வருகிறது. பேட்டரி மாடிப்படிக்கு அடியிலிருந்து இடுப்புயரத்தில் ஒரு கடப்பா கல் தட்டுக்கு ஏறிவிட்டது. மிக்ஜாம் தண்ணீர் நின்ற கோட்டைச் சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தோம், அதற்கு மேலே இரண்டடி.

பழைய டியூபுலர் இரண்டையும் எடைக்குப் போட வண்டிக்காரர் ஒருவர் வந்தார். பேரம் முடிந்ததும் தெருச் சாக்கடை ஓரமாக ஒன்றைச் சாய்த்து மூடியைத் திருகத் தொடங்கினார். ஆசிட்டைக் கொட்டிவிட்டால் தூக்கச் சுலபமாம். சின்னப் பிள்ளைகள் பந்து விளையாடுகிற தெரு. நான் போட்ட சத்தத்தில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேட்டரி விற்கிற டீலர் கடையில் முன்னூறு ரூபாய் குறைவாகத்தான் கொடுத்தார்கள், ஆனால் முழுசாக வாங்கிக்கொண்டு ரசீதும் தந்தார்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழசைத் திரும்பச் சேர்க்கிற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. ரசீது கேளுங்கள், கொடுப்பார்கள்.

பக்கத்துத் தெரு டீச்சரம்மா ஒருவர் பிரதமரின் சூர்யகர் திட்டத்தில் மூன்று கிலோவாட் போட்டார், எழுபத்தெட்டாயிரம் மானியம் கணக்கில் வந்தது. பில் நன்றாகக் குறைந்துவிட்டது. முதல் முறை கரண்ட் போனபோது என்னிடம்தான் ஓடிவந்தார்: "மேல மூணு கிலோவாட் நிக்குது, வீட்ல மெழுகுவத்தி ஏத்தறேன், இன்னாம்மா இது?" மானியம் ஈபி லைனோடு சேர்ந்த சிஸ்டத்துக்கு. அந்த வகை இன்வெர்ட்டர் ஈபி நின்றால் தானும் நிற்கும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். பில் குறையவேண்டுமா, கரண்ட் போகும்போது வெளிச்சம் வேண்டுமா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட், காசும் இரண்டு மடங்கு.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. எர்த் சரியில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்பது வோல்ட் காட்டுகிறது. எங்கள் உப்பு மண்ணில் 2013இல் அடித்த ஜி.ஐ. பைப் கரைந்துபோயிருக்கும் என்கிறார் தம்பி, காப்பர் பூசிய ராடு அடிக்கவேண்டும். தீபாவளித் துணி எல்லாம் குவிந்து கிடப்பதால் கடையை ஒரு நாள் மூடச் சொன்னால் எனக்கும் வலிக்கிறது. "மழைக்கு மின்ன அடிச்சிரலாம்க்கா, ஞாயித்துக்கெயம வர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். மீன் வாங்கி வைக்கச் சொல்லியும் இருக்கிறார்.